ஜமுனாமரத்தூர் மைதானத்தில் ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் வாசிக்கிற இருவர் சந்தித்தால் பேச்சு பாட்டில் தொடங்கும், கருவியில் போய் நிற்கும். எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல், பிக்கப் எது, விரல்பலகை ரோஸ்வுட்டா மேப்பிளா என்று விடிய விடியப் பேசுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பேச்சு பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் மரம், பிறகு பிக்கப், பிறகு கம்பி, நேரமிருந்தால் ஆம்ப். ஸ்பீக்கரும் மைதானமும் கரண்ட்டும் பேச்சில் வருவதே இல்லை. கடைசி வரிசையில் நிற்பவரின் காதுக்கு எது முக்கியமோ அது கடைசியில் தள்ளப்படுகிறது.

இங்கே அந்தக் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி நடந்து பார்ப்போம். இடம் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி இது. இதன் முக்கிய ஊரான ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்துவதுண்டு. அப்படியொரு திறந்தவெளி மேடையில் ஓர் இன்னிசைக் குழு ஏறுகிறது, அதில் ஒருவர் தோளில் நாலு கம்பி பேஸ் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நாலு கம்பியில் தடித்தது ஈ கம்பி. அதைத் திறந்த நிலையில் மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு, அதாவது 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். வகுத்துப் பார்த்தால் அந்த ஒலியின் ஓர் அலை எட்டே கால் மீட்டருக்கு மேல் நீளம். இதே மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். அதுபோல் மூன்றரைக் கண்ணாடியை வரிசையாக வைத்தால்தான் ஓர் அலை. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி இன்னும் கீழே, சுமார் 31 ஹெர்ட்ஸ். அலை 11 மீட்டர்.

இவ்வளவு நீளமான அலை டார்ச் விளக்கின் ஒளிபோல ஒரு பக்கமாகப் போகாது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே மாதிரி பரவும். கல்யாண மண்டபத்தில் சுவரும் கூரையும் அதைத் திருப்பி அனுப்புவதால் பேஸ் கொழுத்துக் கேட்கும். மைதானத்தில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஒத்திகை அறையில் நெஞ்சில் இடித்த அதே பேஸ் மலைமேல் சோகையாகிவிடும் காரணம் இதுதான். வாசிப்பவர் பதறி ஆம்பில் பேஸ் குமிழைத் திருகுவார், ஆம்ப் திணறும், ஒலி குழம்பும். பழியைக் கிட்டார் ஏற்கும்.

செய்ய வேண்டியது வேறு. சப் ஊஃபர் பெட்டிகளை மேடைமேல் ஏற்றாமல் தரையிலேயே வைக்க வேண்டும். கீழே போகப்பார்க்கும் ஒலியைத் தரை திருப்பி மேலே அனுப்பிவிடுவதால், அதே வாட்டுக்குக் கூடுதல் பேஸ் கிடைக்கும். மேடை பெரும்பாலும் சவுக்குக் கழியும் பலகையுமாக இருக்கும்; உள்ளே வெற்றிடம். அதன்மேல் சப் வைத்தால் பலகையும் சேர்ந்து குமுறும். இன்னொன்று: மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சப் வைப்பது நம்மூர் வழக்கம். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் இரண்டு பெட்டியிலிருந்தும் வரும் அலைகள் மைதானத்தின் நடுக்கோட்டில் கூடும், பக்கங்களில் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நடுவில் நிற்பவருக்கு பேஸ் அதிரும், சில மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்பவருக்குக் காணாமலே போகலாம். இரண்டையும் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். மேடைக்கு முன்னால் அழகு கெடுகிறது என்று விழாக் குழுவினர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மலையில் இரவுக்கு ஒரு குணம் உண்டு. பொழுது சாய்ந்தபின் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரையை நோக்கி இறங்கும். பகல் ஒத்திகையில் மைதானத்தோடு நின்ற சத்தம் இரவில் அடுத்த மலைக் குக்கிராமம்வரை போவது இதனால்தான். பகலில் வைத்த அளவை இரவில் அப்படியே விட்டுவிடக் கூடாது.

சப் எதுவுமே இல்லை, குழாய் ஒலிபெருக்கி மட்டும்தான் என்றால்? கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் அந்தக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. 41 ஹெர்ட்ஸ் அதில் வர வாய்ப்பே இல்லை. ஆனாலும் எழுபதுகளின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களில் இளையராஜாவின் பேஸ் ஓட்டங்களைக் குழாயில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். எப்படி? ஒரு கம்பி அதிரும்போது அடிப்படை அதிர்வு மட்டும் எழுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேல்ஸ்வரங்களும் சேர்ந்தே எழுகின்றன: 41, 82, 123, 164 என்று. குழாயில் அடி அறுந்துபோகும். மேலே உள்ளவை தப்பிக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் 41. மூளை அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, வராத ஸ்வரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. நமக்கு பேஸ் கேட்கிறது. காற்றில் அந்த அதிர்வு இல்லவே இல்லை.

ஆர்வலர் பேச்சில் பாதிச் சண்டையை இது தீர்த்து வைக்கும் என்பது என் எண்ணம். சிறிய ஸ்பீக்கரில், டவுன் பஸ்ஸில், கைப்பேசியில் உங்கள் பேஸ் கேட்க வேண்டுமானால், அடியைக் கூட்டிப் பயனில்லை, மேல்ஸ்வரங்கள் வேண்டும். அவை முதலில் பிறப்பது விரலிலும் கம்பியிலும்.

கம்பியில் இரண்டு பெரிய குடும்பம். நடுவில் உள்ள உருக்குக் கம்பியின்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வுண்ட். தட்டையான பட்டையைச் சுற்றினால் ஃபிளாட்வுண்ட். ஆரம்ப கால பேஸ்களில் ஃபிளாட்வுண்ட்தான் வழக்கம். 1966 வாக்கில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுக் கம்பிகளைச் சரிப்படுத்தினார். பியானோபோல் கணகணக்கும் பேஸ் அப்படி வந்தது. ஃபிளாட்வுண்டில் மேல்ஸ்வரம் குறைவு. ஒலி உருண்டையாக, மத்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி இருக்கும். நல்ல சப் உள்ள மேடையில் அது அருமை. குழாய் கட்டிய மேடையில் அது காணாமல் போகும்.

புதுக் கம்பி சில வாரங்களில் மங்கிவிடும். விரலின் எண்ணெயும் அழுக்கும் சுற்றின் இடுக்கில் புகுந்து மேல்ஸ்வரங்களை அமுக்கிவிடுவதே காரணம். பேஸ் கம்பி ஒரு செட்டின் விலை சாதாரண கிட்டார் செட்டைப்போல் சில மடங்கு என்பதால், பழைய கம்பியைக் கொதிநீரில் வேகவைத்துத் துடைத்து மறுபடி கட்டுகிற வழக்கம் உலகம் முழுக்க உண்டு. வேலை செய்யும்; ஆனால் பளபளப்பு ரொம்ப நாள் நிற்காது. மறுபக்கம், டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்ற மாட்டார் என்று பெயர் பெற்றவர். 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன், பழைய ஃபிளாட்வுண்ட், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அவரைப்போல ஒலிக்க வேண்டும் என்று அதே வருஷத்துக் கிட்டாரைத் தேடி அலைபவர்கள், அந்த ஒரு விரலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நம் பக்கத்திலும் அப்படித்தான். டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாரில் தேறிய இளையராஜா, பேஸ் என்ன வாசிக்க வேண்டும் என்பதை ஸ்வரம் ஸ்வரமாகத் தாளில் எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த கேள்வி "என்ன கிட்டார் வச்சிருந்தார்?" என்பதாகவே இருக்கிறது. எழுதப்பட்ட ஸ்வரத்தை எந்த இடத்தில் அழுத்தி, எந்த இடத்தில் வெட்டி நிறுத்தினார் என்று கேட்பது அரிது. பேஸில் ஸ்வரம் தொடங்கும் இடம் அளவுக்கே அது முடியும் இடமும் முக்கியம். கையை எடுக்கிற நேரம் டோலக்கோடு பொருந்தாவிட்டால் எந்த ஆம்பும் காப்பாற்றாது.

இப்போது பிக்கப்புக்கு வரலாம். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான் பிக்கப். உருக்குக் கம்பி அதன்மேல் ஆடும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். பிக்கப் கம்பிகள் ஊன்றி நிற்கும் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மேல்ஸ்வரம் அதிகமாகவும், கழுத்துப் பக்கம் நகர்ந்தால் அடி அதிகமாகவும் பிடிக்கும். பிக்கப்பின் பிராண்டைவிட அது இருக்கும் இடம் ஒலியை அதிகமாக மாற்றுகிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஒற்றைச் சுருள். 1957-இல் அதை இரண்டாகப் பிளந்து, எதிரெதிராகச் சுற்றி இணைத்தார். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள்கள்.

ஏன் பிளக்க வேண்டும்? கரண்ட் இரைச்சல்தான் காரணம். ஒற்றைச் சுருள் ஓர் ஏரியல்போல வேலை செய்து, சுற்றியுள்ள மின்கம்பியின் ரீங்காரத்தை வாங்கிக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருளில் அந்த ரீங்காரம் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்தியாவில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ரீங்காரம் கிட்டத்தட்ட அந்த ஸ்வரத்திலேயே, சற்றே சுருதி விலகி உட்கார்ந்திருக்கும். ஜி-யில் பாட்டு என்றால் அந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்வது. 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள அமெரிக்காவில் அது எந்த ஸ்வரத்திலும் சரியாக விழாமல் இரண்டுக்கு நடுவில் தொங்கும். ஜாஸ் வகை பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு பிக்கப் குமிழையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் மறுபடி எழும்.

மலை மேடையில் ஜெனரேட்டர் ஓடும், அலங்கார சீரியல் விளக்கு எரியும், மைக் செட்டுக்கும் விளக்குக்கும் ஒரே ஒயரில் கரண்ட் வரும். இரைச்சலைவிடப் பெரிய கவலை எர்த். கிட்டாரின் கம்பிகள் பாலம் வழியாக எர்த்தோடு இணைந்தவை. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவதும் அதனால்தான். ஆம்புக்கு ஓர் இடத்திலிருந்தும் மைக்குக்கு வேறு இடத்திலிருந்தும் கரண்ட் வந்து, இரண்டில் ஒன்றின் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டவருக்கு ஷாக் அடிக்கலாம். வெறும் சுரீரோடு முடியலாம். ஆளைக் கொல்லவும் கூடும். வாசிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதிப்பதும், மேடையில் உள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே இணைப்பிலிருந்து கரண்ட் எடுப்பதும் எந்த பெடலையும்விட அவசியம். பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கி இரைச்சலை நிறுத்தும் "தொழில்நுட்பம்" சிலரிடம் உண்டு. அதைச் செய்பவரோடு மேடை ஏறாதீர்கள்.

கையில் எடுத்துப் போகும் பெட்டிகளில் முதலிடம் டி.ஐ. பெட்டிக்கு. கிட்டாரின் மெலிந்த சிக்னலை நீளமான கேபிளில் மிக்ஸர்வரை கெடாமல் கொண்டுபோக ஏற்றபடி மாற்றித் தருவது அதன் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. என்றால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பல நேரம் ரீங்காரத்தை ஆபத்தில்லாமல் அறுக்கலாம். மோடவுனில் பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்குத்தான் போனது.

பெரிய ஆம்ப் பற்றிய ஏக்கம் இன்னும் தீரவில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். அதற்குப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டி. அரங்கங்களுக்கென்றே செய்தது. பெட்டி மட்டுமே சுமார் 60 கிலோ வரும். போளூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றிச் செல்ல வேனும் ஆளும் வேண்டும். இன்று அதே வாட் தரும் கிளாஸ் டி ஆம்புகள் இரண்டு மூன்று கிலோதான், தோள்பையில் அடங்கும். ஒலி ஒன்றா என்றால் ஒன்றில்லை. வால்வு சூடேறி லேசாகக் கிழியும்போது மேல்ஸ்வரங்கள் தாமாகப் பிறக்கும், அந்தச் சுகம் தனி. ஆனால் சப் மூலமாகக் கேட்கும் கடைசி வரிசைக்காரருக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேராது.

ஆக்டிவ் பேஸ் வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி இன்னொன்று பையில் இருக்கட்டும். 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரேயோடு பரவிய இந்த முறையில், கிட்டாருக்குள்ளேயே சிறு முன்பெருக்கி இருக்கும். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பேட்டரி ஏற்கெனவே தேய்ந்திருந்து, மத்தியான ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்காமல் சாப்பிடப் போனால் இரவில் பாதிக் கச்சேரியில் பேஸ் ஊமையாகலாம்.

கழுத்து அடுத்தது. பேஸ் கம்பிகளின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். நாலும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஓர் ஆளின் எடையைத் தாண்டும். அதைத் தாங்க மரக் கழுத்துக்குள் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. மரம் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். சென்னைக் கடற்காற்றில் ஊறிய கழுத்து மலையில் கொஞ்சம் வளைந்தால் ஃப்ரெட்டில் கம்பி உரசி நறநறக்கும், அல்லது கம்பி மேலே தூக்கி நிற்கும். போய்ச் சேர்ந்த உடனே ஸ்பானரைத் தூக்க வேண்டாம். பெட்டிக்குள்ளேயே சில மணி நேரம் இருக்கவிட்டு, பிறகும் சரியாகாவிட்டால் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் பாருங்கள். மேடை விளக்கின் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும், பனிக்காற்றில் சுருங்கி ஏறும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை டியூனரைப் பார்ப்பது நல்லது.

ஆர்வலர்கள் முதலில் பேசும் மரம் இப்போது கடைசியில் வருகிறது. அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல்பலகையே ஒலிபெருக்கி என்பதால் மரம் முக்கியம். திடமான உடல் கொண்ட பேஸில் பிக்கப் பிடிப்பது கம்பியின் ஆட்டத்தை மட்டுமே. மரம் செய்யக்கூடியது அந்த ஆட்டத்திலிருந்து சக்தியைத் திருடுவது. அது உண்மையில் நடக்கிறது, முக்கியமாகக் கழுத்தில். ஜி கம்பியில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஃப்ரெட் பக்கம் சில ஸ்வரங்கள் எழுந்த வேகத்தில் செத்துவிடுவதைப் பல பேஸ்களில் காணலாம். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990-களில் இதை அளந்து காட்டினார்: கழுத்து தானே ஆட விரும்பும் அதிர்வும் அந்த ஸ்வரமும் ஒத்துப்போகும் இடத்தில் கழுத்து சக்தியை விழுங்கிவிடுகிறது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் மரமே இல்லாமல், கார்பன் இழையும் பிசினும் கொண்டு தலையில்லாத பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பேஸ் மாதிரிதான் ஒலித்தது. கழுத்தின் விறைப்பு முக்கியம், உடல் ஆல்டரா ஆஷா என்பது எடைக்கும் கண்ணுக்கும் என்பது என் முடிவு. இதைச் சொல்லி நட்பை இழந்தவர்கள் உண்டு.

ஒலிக்கு மரம் இவ்வளவுதான் என்றாலும் ஜவ்வாது மலையில் நின்று மரத்தைச் சாதாரணமாகப் பேச முடியாது. சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பகுதியினர். அந்தச் செம்மரம் சீனாவில் நாற்காலி மேசையாகிறது, ஜப்பானில் ஷமிசென் என்ற மூன்று கம்பி வாத்தியத்தின் கழுத்தாகிறது. வாத்தியத்துக்கு நல்ல மரம் என்ற பேச்சின் மறுமுனையில் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பேஸ் கிட்டாரின் ரோஸ்வுட் விரல்பலகை பெரும்பாலும் நம் ஊர் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 1959 முதல் ஃபெண்டர் பேஸ்களில் ரோஸ்வுட் பலகை வந்தபோது அது பிரேசில் மரம். 1960-களின் நடுவில் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். அதற்குக் கிராக்கி எவ்வளவு என்பதற்குத் தமிழ்நாட்டின் 1994-ஆம் வருஷத்து ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் ஓர் அடையாளம்: சொந்தப் பட்டா நிலத்தில் நின்ற ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்ட அது தடை போட்டது. 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் ஈட்டியின் பேரினம் முழுவதையும் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. கிட்டார் விற்பனைக்காக நாடு கடக்கும் ஒவ்வொரு முறையும் காகிதம் கேட்டதால் கம்பெனிகள் தடுமாறின. ஃபெண்டரின் மெக்சிகோ தொழிற்சாலை பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. ஒலி கெட்டுவிட்டது என்று அப்போது எழுந்த புலம்பலுக்கு அளவே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு அந்தக் காகிதம் தேவையில்லை என்று விலக்கு வந்தது.

அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கிடையாது. 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஆகவே அறுபதுகளின் பழைய பேஸ் ஒன்று கைக்கு வந்து, அதைச் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ கச்சேரிக்குக் கொண்டுபோக நினைத்தால், பலகை எந்த மரம் என்பதை விவரம் தெரிந்தவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். பிரேசில் மரம் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே வாத்தியத்துக்கான சைட்டிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சுங்க அதிகாரியிடம் 1962-ஆம் வருஷத்து மாடலின் டோனைப் பற்றிப் பேசிப் பயனில்லை.